ஓர் அடி ஒன்பது அங்குலம்

எனாமல் பெயின்ட் ஆறு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருக்கும். நம் பக்கத்து ஈரத்துக்கு அது ஒத்துவராது. ஒரு முழு நாள் விட வேண்டும். அவசரப்பட்டு இரண்டாவது பூச்சு கொடுத்தால் முதல் பூச்சும் சுருங்கி, செய்த வேலை அத்தனையும் பாழாகும். நான் அவசரக்காரன் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் முதலில் அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மலாயில் எழுதினால் வசதியாக இருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் இது என் சொந்த விஷயம், சொந்த மொழியில்தான் எழுதுவேன். மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் சிரமப்படட்டும். கடைசியில் வருத்தம் தெரிவித்து ஒரு வரி சேர்த்தால் கோர்ட்டில் எடுபடும் என்றும் சொன்னார். நல்ல மனுஷன். அந்த வரியை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் ஜெரார்ட். வயது நாற்பத்து நான்கு. லூனாஸில் பிறந்தவன். கோலா கெத்திலுக்கு அப்பால், ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருடமாக ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கிடங்குக் குமாஸ்தா. போன வருடம், 1978 அக்டோபரில், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மனோகரன் ஆற்றோடு போனதைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம். அதைச் சொல்வதற்கு முன்னால் கப்பல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கப் பொறுமையில்லாதவர்களுக்கு மற்றது புரியாது.

பினாங்கு ஃபெரியைத் தவிர நான் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. ஆனால் என் வீட்டு முன்கூடம் முழுக்கக் கடல். சிமெண்டுத் தரைக்குச் சாம்பல் கலந்த பச்சை அடித்து, அலை தெரிகிற மாதிரி மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் போட்டிருக்கிறேன். அதன்மேல் எழுபத்திரண்டு போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றும் விரல் நீளம். எல்லாம் ரப்பர் மரத்துண்டில் செதுக்கியவை. பாய்மரத்துக்குக் குண்டூசி, பீரங்கிக்கு ஃபியூஸ் கம்பி. ஒரு கப்பலுக்கு வர்ணம் தீட்ட மூன்று வாரம் பிடிக்கும். கடைசிக் கொடிக்கு வரும்போது தூரிகையில் மூன்று மயிர்தான் விட்டுவைப்பேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்தக் கோட்டை இழுக்க வேண்டும்.

உட்கார இடமில்லாத வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று என் மனைவி பேட்ரிசியா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒருநாள் லூனாஸில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போனாள், அங்கேயே இருந்துவிட்டாள். அந்தக் கூடத்தில் அவளுடைய தையல் மெஷின் இருந்த இடத்தில் இப்போது ஒரு துறைமுகம் இருக்கிறது.

போர் 1969இல் தொடங்கியது. தென்கடல் படைக்கு முப்பத்தாறு கப்பல், வடகடல் படைக்கு முப்பத்தாறு கப்பல். எல்லாம் சமம். தென்கடல் கப்பல்களுக்குப் புனிதர்களின் பெயர்கள். முதன்மைக் கப்பல் புனித சவேரியார். வடகடல் கப்பல்களுக்கு எண்கள் மட்டும் போட்டிருந்தேன், அடையாளத்துக்கு அது போதும். இரண்டு பக்கத்தையும் நான்தான் ஆடுவேன். தனி ஆளாக ஆடுவதில் நேர்மை கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கலாம். அதற்குத்தான் விதிகள். முதலில் வடகடல் தளபதியின் உத்தரவை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். இரண்டு நாள் கழித்து, அது பாதி மறந்த பிறகு, தென்கடலின் உத்தரவை எழுதுவேன். தூரத்தைத் தையல்காரர் நாடாவால் அளப்பேன். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடையைத் தரையில் விரித்த கோரைப்பாயின்மேல்தான் போட வேண்டும். பாயின் ஓரத்திலோ கப்பலிலோ முட்டிச் சாய்ந்து நின்றால் அது செல்லாது, மறுபடியும் போட வேண்டும். செல்லாத எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். நான் எதையும் மறைத்ததில்லை.

ஒன்பது வருடத்தில் நான் தனியாக ஆடியவை அறுபத்தொரு சண்டைகள். தென்கடல் ஐம்பத்தெட்டில் வென்றது. மூன்றில் முடிவில்லை. தென்கடல் தளபதி திறமைசாலி.

மனோகரன் சுங்கை பட்டாணியிலிருந்து 1977 தொடக்கத்தில் வந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒருநாள் செதுக்கும்போது என் கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன். கட்டுப் போட வீட்டுக்கே வந்தான். கூடத்தைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நடந்தான். அதை நான் மறக்கவில்லை.

"அம்மாடி. எல்லாம் நீங்க செஞ்சதாண்ணே?"

"ஆமா."

"யாருகூட வெளாடுவீங்க?"

"யாருகூடவும் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் என் கூடத்தைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவன்தான். அடுத்த வாரம் ஆபரேஷன் கத்தியின் அலகுகள் நாலைந்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். செதுக்குவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினான். நான் சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்குள் வாசலில் நிற்பான். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்து பார்த்தான். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

1978 ஏப்ரலில் ஒருநாள் கேட்டான். "ஒரேயொரு வாட்டி நான் வடக்கு எடுத்துக்கட்டாண்ணே?"

மூன்று வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றேன். சண்டை நாற்பது நிமிடம்தான் நடந்தது. ஒன்பது வருடத்தில் தண்ணீர்கூடப் புகாத புனித சவேரியார் மூழ்கியது. வடகடலின் பதினேழாம் எண் அடிபட்டபோது அதைவிட்டு விலகாமல், அதைச் சுற்றியே நின்று சண்டை போட்டான். அது தவறான உத்தி. இருந்தும் ஜெயித்தான். நான் தோல்வியை மனமார ஏற்றுக்கொண்டேன். அன்றைக்குக் காற்று நிலை வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினேன்.

ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று குறிப்பேடுகளை இரவல் கேட்டான். கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அவற்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. பகட சாஞ்சிருச்சின்னு இருநூத்திப் பன்னெண்டு வாட்டி திருப்பிப் போட்டிருக்கீங்க. அதுல இருநூத்தி ஒம்போது வாட்டி, வடக்குக்காரன் நல்ல நம்பர் போட்டப்பதான் சாஞ்சிருக்கு."

கூடத்துத் தரை வடக்கே சரிவு, அதனால்தான் என்று விளக்கினேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஓர் உருண்டை மாத்திரையை எடுத்துத் தரையில் வைத்தான். அது உருளவில்லை.

"பரவால்லலா அண்ணே. தனியா வெளாடுறவங்க எல்லாருக்கும் இது வரும்" என்றான்.

அவன் அதோடு விட்டிருக்கலாம். நானும் விட்டிருப்பேன். ஆனால் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் கூடுகிற கிளப்பில் கேரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காய் குழிக்குள் விழாமல் ஓரத்தில் சாய்ந்து நின்றது. விழுந்ததா இல்லையா என்று தகராறு. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், என்னை யாரும் பார்க்கவில்லை. மனோகரன் சொன்னான்: "ஜெரார்ட் அண்ணன் ரூல்படி பாத்தா இது செல்லாது. திருப்பி அடி." அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். இருநூற்றுப் பன்னிரண்டையும் சொன்னான், மாத்திரையையும் சொன்னான். பெரிய கிராணி அந்தோணிதாஸ் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்.

செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்குப் பெயரே சாஞ்ச பகடை என்று ஆகிவிட்டது. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், பெண்கள்கூட வாய்க்குள் சிரித்தார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்களுக்கு என் போரைப் பற்றி என்ன தெரியும்? ஒன்பது வருடம் நான் நேர்மையாக நடத்திய போரை ஒரு கேரம் பலகைக் கதையாக்கிவிட்டான். ஒரு மனிதனிடமிருந்து இதைவிடப் பெரிதாக எதை எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் மன்னிப்புக் கேட்டான், அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து, "வெளாட்டுக்குச் சொல்லிட்டேன்ணே, மன்னிச்சிருங்க. இப்படிப் பரவும்னு நெனைக்கல" என்றான். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவன் நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போனான்.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தின் ஒரு பிரிவு அக்கரையில் இருக்கிறது. குறுக்கே கயிறு கட்டி, அதைப் பிடித்திழுத்துச் சம்பான் படகில் கடக்க வேண்டும். படகோட்டி அம்மாசி. டிரெசர் செவ்வாயும் வெள்ளியும் அக்கரைக்குப் போய் மருந்து கொடுப்பார். மற்றவர்கள் எப்போதாவது போவார்கள். கரையில் ஓர் அளவுக் கம்பம் நிற்கிறது. அடிக்கணக்கு எழுதி, பதினோராம் அடியில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதற்குமேல் ஏறினால் படகு போகக்கூடாது. மேலேயுள்ள ஆற்று வளைவிலிருந்து வரும் வெள்ளம் அந்த உயரத்துக்குப் பிறகு படகின் விலாவில் அடிக்கும், அதுதான் காரணம்.

அம்மாசிக்குக் கம்பம் தேவையில்லை. தண்ணீரின் நிறத்தையும் மிதந்து வருகிற குப்பையையும் பார்த்தே சொல்லிவிடுவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான், கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் இருந்தபோதே போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். அன்று வெள்ளம் வரவில்லை. தோட்டத்து மானேஜர் தொரை பெரட்டில் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார். "தண்ணி கலரு பாக்க ஒன்னய வைக்கல. கோட்டுக்குக் கீழ இருந்தா போகணும், மேல இருந்தா நிக்கணும். அவ்வளவுதான்." அதிலிருந்து அம்மாசி கோட்டை மட்டுமே பார்ப்பான். தோட்டம் அவனைப் பழக்கியது அப்படி.

ஆகஸ்ட் மாதம், மழைக்கு முன்னால், கம்பத்தைச் சுரண்டிப் புதிதாக வர்ணம் பூச வேண்டும் என்று தொரை சொன்னார். தோட்டத்தில் நேராகக் கோடு இழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானே சுரண்டினேன். வெள்ளை அடித்து ஒரு நாள் காயவிட்டேன். பிறகு ஒன்று முதல் பதினைந்து வரை எல்லா எண்களையும் ஓர் அடி ஒன்பது அங்குலம் உயர்த்தி எழுதினேன். கோட்டை மட்டும் உயர்த்தினால் எண் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றாம் எண்ணுக்குக் கீழே மிச்சமான வெறும் வெள்ளை சேற்றுக்குள் மறைந்துவிட்டது. ஏன் அந்த அளவு என்று கேட்பீர்கள். ஓர் அடியென்றால் ஆறு மன்னித்துவிடக்கூடும். இரண்டரை அடியென்றால் தூங்கி விழுகிறவனுக்கும் சந்தேகம் வந்துவிடும்.

தொரை வந்து பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். யாரும் நாடா வைத்து அளக்கவில்லை. அழகாக எழுதியிருக்கும் எதையும் ஜனங்கள் சந்தேகப்படுவதில்லை.

அக்டோபர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் மழை விட்டு, வெயில் லேசாக வந்திருந்தது. காலை எட்டு மணிக்குப் பம்பு வீட்டைப் பார்க்கப் போகிறவன் மாதிரி கரைக்குப் போனேன். தண்ணீர் கோட்டுக்கு அரை அடி கீழே நின்றது. உண்மையில் அது பன்னிரண்டே கால் அடி. அம்மாசி ஆற்றைப் பார்த்துக்கொண்டே தலையைச் சொறிந்தான்.

"தண்ணி செவந்து வருது கிராணி ஐயா. மேல எங்கியோ ஒடச்சிருக்கு. எனக்குச் சரியாப் படல."

"கோட்டப் பாரு அம்மாசி" என்றேன்.

பார்த்தான். படகைத் துறையோரம் இழுத்து நிறுத்தினான். மனோகரன் மருந்துப் பெட்டியோடு வந்தான். பின்னாலேயே பால்மரம் வெட்டுகிற செல்லாயியும் அழகம்மாவும் வந்தார்கள். செல்லாயியின் மகளுக்கு அக்கரையில் பிள்ளை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, பார்க்கப் போகிறார்களாம். அவர்களை நான் அழைக்கவில்லை. அவர்கள் வருவார்கள் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு தடுக்கவும் இல்லை. கடலில் கப்பலைச் சுடுகிறவன் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்பதில்லை.

மனோகரன் படகில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "போலாமாண்ணே? நீங்க கடல்காரரு, சொல்லுங்க." அவன் முகத்தில் கிண்டல் இல்லை. என்னோடு பழையபடி பேச ஒரு வாய்ப்புத் தேடினான் என்று நினைக்கிறேன்.

"கோட்டுக்குக் கீழதான் இருக்கு தம்பி" என்றேன்.

நடு ஆற்றில் ஒரு மரம் வேரோடு வந்தது. வெள்ளம் நான் கணித்தபடியே விலாவில் அடித்தது. படகு கயிற்றை இழுத்துக்கொண்டு சாய்ந்தது, பிறகு கவிழ்ந்தது. அம்மாசியை நீர் கரைப்பக்கமாகத் தள்ளிவிட்டது. செல்லாயி கயிற்றைப் பிடித்தாள், கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். மனோகரனுக்கு நீச்சல் தெரியும். கரைக்கு வந்திருப்பான். ஆனால் திரும்பி அழகம்மாவிடம் போனான். அடிபட்டதை விட்டு விலகமாட்டான் என்று முன்பே சொன்னேன், ஆட்டத்திலும் அவனுடைய பலவீனம் அதுதான். பம்பு வீட்டுச் சுவரில் காற்றடைத்த ஒரு லாரி டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பன்னிரண்டு தப்படி இருக்கும். நான் அதை எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவிழ்ந்த சிறு மரக்கலம் முழுதாக நீரில் மறைய ஆறு நிமிடம் ஆகும் என்று என் விதிப் புத்தகத்தில் இருந்தது. நான்கு நிமிடம்தான் ஆனது. அன்று மத்தியானமே அதைத் திருத்திவிட்டேன். ஒன்பது வருடமாக ஒரு தவறான எண்ணை வைத்து ஆடியிருக்கிறேன் என்பது கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

மூன்று உடல்களும் இரண்டு நாளில் கிடைத்தன. மனோகரனை எரித்த அன்று நானும் போயிருந்தேன். அவன் மனைவி பிரேமாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு" என்று அழுதாள். அவனை நான் பகையாக நினைத்ததே இல்லை என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஏன் இப்போது, மூன்று மாதம் கழித்து, நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று இன்ஸ்பெக்டர் நான்கு முறை கேட்டுவிட்டார். மனசாட்சி உறுத்தியதா என்றார். பாதிரியார் சொல்லி அனுப்பினாரா என்றார். இரண்டும் இல்லை. போன வாரம் தோட்டத்துக் கம்பெனியின் விசாரணை முடிந்தது. பழைய வரைபடத்தை வைத்து யாரோ கம்பத்தை அளந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய கிராணி அந்தோணிதாஸ்தான் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இப்படி இருந்தது: "ஸ்டோர் கிராணி ஜெரார்ட் அளவுக் கம்பத்தில் வர்ணம் பூசும்போது கவனக்குறைவினால் அளவைத் தவறாக எடுத்துள்ளார். உள்நோக்கம் எதுவும் இல்லை. இனி இத்தகைய நுணுக்கமான வேலைகள் அவரிடம் கொடுக்கப்படமாட்டா."

அந்தோணிதாஸ் என் தோளைத் தட்டினார். "மனச விட்றாதீங்க ஜெரார்ட். வயசாவுது, கண்ணு மங்கும், கை ஒதறும். யாருக்கும் வர்றதுதானே." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கடிதத்தின் நகல் ஒன்று கிளப் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருந்தது.

மூன்று நாள் எனக்குத் தூக்கமே இல்லை. நான்காம் நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன், மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லையும் விடக்கூடாது. மனோகரனையும் செல்லாயியையும் அழகம்மாவையும் கொன்றது நான். தெரிந்து செய்தேன். கம்பத்தின் ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை அளந்துதான் போட்டேன், மயிரிழைகூடத் தப்பவில்லை. தூக்கில் போடுவதானால் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைக் கம்பெனி வாபஸ் வாங்க வேண்டும், இந்த வாக்குமூலத்தின் நகலைக் கிளப் பலகையில் ஒட்ட வேண்டும். என் கை உதறவில்லை என்பதை அங்கே கேரம் ஆடுகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.